பொத்தான் டப்பாவுக்கு அடியில்

4 பிப்ரவரி

மாப்பிள்ளைக்கு,

உறவு கொண்டாடுவதற்காக இப்படி எழுதவில்லை. வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை. தொலைபேசியில் பேச எனக்கு விருப்பமில்லை. நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நானும் உயர்த்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னார் என்பதற்கு அத்தாட்சி இருக்காது. ஆகவே மின்னஞ்சல். பதிலும் முழு வாக்கியங்களில் வரட்டும்.

நேற்று மாடி அறையைத் திறந்தேன். உள்ளே அனல். இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காக நீங்கள் திருகி வைத்த ரவுட்டர் பெட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வீட்டைவிட்டு நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. ஆளில்லாத அறையில் இந்த இரைச்சல் யாருக்காக?

அணைக்க மறந்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நடுப் பெட்டியின் பச்சை விளக்குகள் படபடத்தன, நின்றன, மறுபடி படபடத்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பலகையைப் பார்த்தாலே லைனில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். ஆள் இருந்தது. நீங்கள்தான்.

அதாவது, என் வீட்டுக்குள் என்னைக் கேட்காமல் வந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள். வாசல் வழியாக வரவில்லை என்பதால் அது வருகை இல்லை என்று ஆகிவிடாது.

மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு இது எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாள் முழுதும் நின்றுவிட்டு வருகிறாள். அவளுக்கு மாடியேற நேரமுமில்லை, மனமுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தாய்


5 பிப்ரவரி

அத்தைக்கு வணக்கம்.

கேட்காமல் வந்தது தப்புதான். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பதால் கேட்கவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நான் கேபிள் இழுக்கிறவன். ஏணியில் ஏறி, கூரைப் பலகைக்குள் தலையை விட்டு, வயரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளிவிட்டு இறங்குகிறேன். நெட்வொர்க் என்ஜினியர் என்று சொல்லித்தான் பெண் எடுத்தேன். இப்போது என்ஜினியர்கள் எனக்குக் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் இழுப்பா” என்கிறார்கள்.

மார்ச் 28 எனக்குச் செயல்முறைத் தேர்வு. வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஒரு நெட்வொர்க்கைக் கொடுத்து, மாலைக்குள் சரிசெய் என்பார்கள். நான் இரண்டு முறை தவறியது உங்களுக்குத் தெரியும். ஊருக்கே நீங்கள் சொன்னதுதானே. இந்த முறை தேறினால் என்ஜினியர் பதவி தருவதாக நிறுவனம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. தவறினால் ஏணிதான், கடைசிவரை.

கணினிக்குள்ளேயே போலிப் பெட்டிகளை உருவாக்கிப் பழகலாமே என்பார்கள். பாதி வேலைக்கு அது போதும். உண்மைப் பெட்டி அப்படியில்லை. சூடாகும், முரண்டு பிடிக்கும், நல்லாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்கும். அதோடு மல்லுக்கட்டிப் பழகியவன்தான் தேறுவான். என் பெட்டிகளை இங்கே கொண்டுவர முடியாது. ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் போட்டால் நிறைந்துவிடும் அறை இது. அதனால்தான் இங்கிருந்தே இணையம் வழியாக அங்கே வந்து பழகுகிறேன்.

தேர்வுவரை மட்டும் ஓடவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

அவள் நலமா?

உங்கள் மருமகன்


7 பிப்ரவரி

மாப்பிள்ளைக்கு,

ஊருக்கே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னது என் தம்பியிடம், அவன் குடும்பத்தோடு சாப்பிட வந்த அன்று. “மாப்பிள்ளை என்ன பண்றார் அக்கா?” என்று கேட்டான். “மாடியில பெட்டி ஓடுது, கீழ மிக்ஸி ஓடுது, மாப்பிள்ளை மட்டும்தான் இன்னும் ஓடல” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். இத்தனை ரோஷம் படிப்பில் இருந்திருந்தால் மூன்றாவது தேர்வே தேவைப்பட்டிருக்காது.

இருந்தாலும், தேர்வு என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் மரியாதை உண்டு. என்னைப் படிக்கவைத்த கான்வென்ட் சிஸ்டர்கள், வகுப்பில் யார் என்ன குற்றம் செய்திருந்தாலும் பரீட்சைக்கு உட்காரவிட்ட பிறகுதான் தண்டிப்பார்கள். அதே முறைதான் இங்கும்.

காலை ஆறு முதல் பத்து வரை பெட்டிகள் ஓடும். நானே போய் ஸ்விட்சைப் போடுவேன், நானே அணைப்பேன். நீங்கள் தூங்கிவிட்டால் அது உங்கள் நஷ்டம். எந்தப் பெட்டியை முதலில் போட வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். தேர்வு முடிந்ததும் எல்லாம் வெளியே போக வேண்டும்.

என் மகளிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “அவர் பேச்சை எடுக்காதீங்கம்மா” என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் நலமாகத்தான் இருக்கிறாள். நீங்கள் போன பிறகு சற்றுச் சதை போட்டிருக்கிறாள்.

பின்குறிப்பு: அத்தை என்று அழைக்க வேண்டாம்.


20 பிப்ரவரி

அத்தைக்கு,

வேறு எப்படி அழைப்பதென்று எனக்கும் தெரியவில்லை.

ஆறு என்றால் ஆறுக்கே பெட்டிகள் உயிர் பெறுகின்றன. நான் சொன்ன வரிசை ஒருநாளும் மாறவில்லை. கூடவே வேலை செய்த எவனும் எனக்கு இத்தனை ஒழுங்காக வாய்த்ததில்லை. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்ததை நீங்கள் எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. உங்கள் தம்பி சிரித்ததில் எனக்கொன்றும் இல்லை. அவளும் சிரித்தாள். நீங்கள் சொன்னது நன்றாக இருந்ததால் அவளை அறியாமல் சிரித்துவிட்டாள். அதற்காகத்தான் எழுந்தேன். போகும்போது வாசலில் நின்று, “வர்றியா?” என்று கேட்டேன். “இப்பவேவா?” என்றாள். உள்ளேயிருந்து நீங்கள் ஒரு குரல் கொடுத்தீர்கள்: “அவன் பின்னாடி போனா இந்த வாசல் கிடையாது.” அவள் நின்றுவிட்டாள்.

கதவைச் சாத்தியது யார் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். சத்தம் எல்லோருக்கும்தான் கேட்டது.

ஒரு வேண்டுகோள். ஒரே ஒருநாள் காலையில் அவளையே மாடியேறி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்களேன். வேறொன்றும் வேண்டாம். அவள் போட்டாள் என்று தெரிந்தால் போதும்.


22 பிப்ரவரி

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை அவள்தான் போட்டாள். வித்தியாசம் தெரிந்ததா? தெரிந்திருக்காது. நான் போட்டாலும் அவள் போட்டாலும் உங்களுக்கு எரிவது அதே விளக்குதான்.

நான் இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக உரிப்பாள், சின்ன வயதிலிருந்தே. உங்கள் கடிதத்தில் வாசலைப் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டினேன். “வாசல்ல நின்னு கேட்டா வாசலோடதான் பதில் வரும்னு எழுதுங்கம்மா” என்றாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் விரும்பாத இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வக்கீலைப் பார்க்கலாம் என்று எங்களுக்குள் பேச்சு நடக்கிறது. பேச்சை ஆரம்பித்தது அவள்தான். தேர்வு முடிந்ததும் அதற்கும் தயாராக இருங்கள்.

காலை ஆறுக்கு வழக்கம்போல் ஓடும்.


11 மார்ச்

அத்தைக்கு,

அவசரம். வாழ்க்கையில் முதல்முறையாக உங்களிடம் உதவி கேட்கிறேன். கோபத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுப் படியுங்கள்.

அங்கிருக்கும் பெட்டிகளுக்குள் நான் நுழைவது மேலே இருக்கும் முதல் ரவுட்டர் வழியாக. அதுதான் எனக்கு வாசல். தூரத்திலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசல் பெட்டியில் எதையாவது மாற்றுவதற்கு முன்னால், “பத்து நிமிஷத்தில் நீயே அணைந்து மறுபடி தொடங்கு” என்று அதற்கு ஒரு கட்டளை கொடுத்துவிட்டுத்தான் கை வைப்போம். தப்பாக மாற்றி நம் வழியை நாமே அடைத்துக்கொண்டாலும், பத்து நிமிஷத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாற்றியது சரிதான் என்று உறுதியான பிறகுதான் அதைப் பெட்டியின் நினைவில் பதிவு செய்வோம்.

இன்று காலை நான் அந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை. மாற்றினேன், பார்க்காமலே பதிவும் செய்துவிட்டேன், வெளியே தள்ளப்பட்டேன். இனி எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது என்னை உள்ளே விடாது. ஏன் இப்படிச் செய்தேன் என்றால், மனது ஒரு நிலையில் இல்லை. வக்கீல் பேச்சு வந்ததிலிருந்து இங்கே எதுவும் சரியில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: மாடியில் மேஜைமேல் என் பழைய லேப்டாப் இருக்கிறது. அதைப் போடுங்கள். வீட்டு வைஃபையில் தானாகச் சேர்ந்துகொள்ளும், இங்கிருந்தே அதற்குள் நான் வந்துவிடுவேன். பிறகு தட்டையான நீல கேபிள் ஒன்று வேண்டும். உங்கள் தையல் மிஷினின் வலதுபக்க இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறது. ஒரு முனையை லேப்டாப்பில் செருகுங்கள். மறு முனையை முதல் ரவுட்டரின் பின்பக்கம், நீல வட்டம் போட்ட துளையில். பக்கத்தில் அதே போலக் கறுப்பு வட்டம் போட்ட துளை ஒன்று இருக்கும். அது வேண்டாம்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன்.


12 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

நீல கேபிள் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. வலது இழுப்பறை, பொத்தான் டப்பாவுக்கு அடியில், சுருட்டியபடி.

நீங்கள் போகும்போது அது மாடியில் தரையில் கிடந்தது. பிறகு மழையில் கூரை ஒழுகியபோது என் மகள்தான் தனியாகப் போய் அறையை ஒழித்தாள். அப்போது அதைத் துடைத்துச் சுருட்டி என் தையல் மிஷினில் வைத்தாள். “இது எதுக்குடி இங்க?” என்று திட்டிவிட்டு, பொத்தான் டப்பாவை அதன்மேல் நான்தான் வைத்தேன். அந்த இடம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். நான் உங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, பெண்கள் விடுதியில் இடம் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைக்கிறாள். “விடுதிச் சாப்பாடு பரவாயில்லம்மா” என்கிறாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். விடுதிச் சமையலறை என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு என்று நீங்கள் எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் ஆண்பிள்ளை அடுப்பைப் பற்றி எழுதமாட்டான்.

நீங்கள் போன பிறகு பெட்டிகளை ஓடவிட்டவள் அவள்தான் என்பதும் இப்போது புரிகிறது.

ஆக, என் கடிதங்களை அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். ஆரஞ்சையும் படித்திருக்கிறாள்.

அவள் கையால் ஒரு வரி வரட்டும். பிறகு கேபிளைச் செருகுவதைப் பற்றிப் பேசலாம்.


12 மார்ச், மாலை

அத்தைக்கு,

ஆமாம். இங்கேதான் இருக்கிறாள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கேபிள் இருக்கும் இடத்தை அவசரத்தில் அவளிடம் கேட்டு அப்படியே எழுதிவிட்டேன். இடத்தைச் சொல்லும்போது அவளுக்கும் தோன்றவில்லை.

அவள் வராமல் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துதான் இருக்கும். கீழே ஹாலில் இருக்கும் இணையப் பெட்டியை வைத்தவனும் நான்தான். வீட்டுக்குள் யார் யாருடைய கருவி அதில் சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் காட்டும். நீங்கள் “எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்” என்று எழுதிய அன்று அந்தப் பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒரு கைபேசி. உங்களுடையது.

அவளை ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள் என்று கேட்டதே, அவள் அங்கே இல்லை என்று நீங்களாக எழுதுவீர்களா என்று பார்க்கத்தான். சொல்லிக் காட்ட நினைத்தேன். அவள்தான், “வேண்டாம், விட்ருங்க” என்றாள். அன்று மாலை வேலையிலிருந்து வரும்போது ஆரஞ்சு வாங்கி வந்தாள். உரிக்கவில்லை. ஜன்னலில் வைத்தாள், வாடியதும் எடுத்துப் போட்டாள். வக்கீல் விஷயத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “என் வாயில இதையும் வச்சுட்டாங்களா” என்று என்னிடம்தான் சண்டை போட்டாள். நேற்றுக் காலைவரை ஓயவில்லை. மீதி உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட ஒரு வரியைப் பற்றிச் சொன்னேன். “கேபிளுக்குப் பதிலா லெட்டரா? அம்மா எக்ஸ்சேஞ்சை விட்டு வந்தும் லைனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க” என்றாள். எழுதமாட்டாள். அவளுக்கு யாருடைய பிடிவாதம் வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கேபிளைச் செருகுவதும் செருகாததும் உங்கள் இஷ்டம்.


14 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

காலை ஆறு மணிக்கு லேப்டாப்பைப் போட்டேன். நீல வட்டம் போட்ட துளையில் கேபிளைச் செருகினேன். கறுப்பில் இல்லை. ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தினேன், பிறகு மெதுவாக இழுத்துப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச் பலகையில் அரைகுறையாகச் செருகிய கயிற்றால் எத்தனை பேச்சு நடுவில் அறுந்துபோயிருக்கிறது என்று பார்த்தவள் நான். திரையில் எழுத்துகள் தானாக ஓடத் தொடங்கியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று தெரிந்து கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

வரி வராமலே செய்ததை என் தோல்வி என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும். பரீட்சைக்கு உட்காரவிட்ட பிறகுதான் மற்றது.

நீங்கள் விளக்கிய அந்தப் பழக்கத்தை யோசித்துப் பார்த்தேன். கை வைக்கும் முன்பே திரும்பி வர வழி வைத்துவிடுவது. நல்ல ஏற்பாடு. வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் அப்படி ஒரு கட்டளையை உங்கள் துறையில் இன்னும் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது.

போன ஞாயிறு அவள் அழைத்தபோது கோபப்பட்டுக் குரலை உயர்த்தியிருக்கலாம். எதுவும் தெரியாதபோது எப்படிக் கோபப்படுவது? வரும் ஞாயிறு அழைத்தால் எடுக்கமாட்டேன். விடுதியில் இல்லாதவளிடம் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க எனக்கு வராது.


9 ஏப்ரல்

அத்தைக்கு,

தேறிவிட்டேன்.

உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடைசி ஒரு மணி நேரத்தில், தேர்வில் கெடுத்துவைத்திருந்த ஒரு பெட்டி உறைந்து நின்றது. உங்கள் மாடியில் இருக்கும் நடுப்பெட்டி அடிக்கடி அப்படி நிற்கும். கை தானாகச் செய்துவிட்டது. காலை ஆறு மணிகள்தான் என்னைத் தேறவைத்தன. மறுக்கமாட்டேன்.

அடுத்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பதவி கொடுத்துவிட்டார்கள், ஆனால் இந்த நாட்டில் இல்லை. விமானத்தில் ஒரு பகல் போகும் தூரம். குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள். அவளும் வருகிறாள். மாதக் கடைசியில் புறப்பாடு.

வழியில் ஒருநாள் உங்கள் ஊரில் இறங்கிவிட்டுப் போகலாம் என்றேன். “எந்த வாசல் வழியா?” என்று கேட்டாள். உங்களுக்கு எழுதலாம் என்று நேற்று உட்கார்ந்தாள். தேதி போட்டாள். எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். எத்தனை ஞாயிறு அழைத்தும் நீங்கள் எடுக்கவில்லை என்பது அவளுக்குச் சுலபமாகிவிட்டது.

பெட்டிகளை ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை ஆள் வருவார்கள். நீங்கள் கேட்டது இதைத்தானே. வீடு இனி அமைதியாக இருக்கும்.


15 ஏப்ரல்

மாப்பிள்ளைக்கு,

தேர்வில் தேறியதற்கு வாழ்த்துகள். மூன்றாம் முறை என்றாலும் தேர்ச்சி தேர்ச்சிதான்.

வியாழக்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். பெட்டிகளை இறக்கும்போது திருகுகளைத் தரையில் போட்டார்கள். பொறுக்கி எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். நடுப்பெட்டியைத் தலைகீழாகத் தூக்கினார்கள். “இது அடிக்கடி நின்னுபோகும், பார்த்துத் தூக்குப்பா” என்றேன். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டான். தெரியும் என்றேன்.

சுவரில் சட்டம் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது. மறுநாள் காலை ஆறுக்கு மாடியேறிவிட்டேன், பழக்கத்தில். ஸ்விட்சைக்கூடப் போட்டேன். எரிய ஒன்றுமில்லை.

எந்த வாசல் வழியாக என்று கேட்டாளாம். இந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். அதைச் சாத்தியவளே திறந்துவைக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கிறாள். திறந்திருக்கிறதா என்று தள்ளிப் பார்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அவளையும் என்னையும் நான்தான் வளர்த்தேன். குறை சொல்ல ஆளில்லை.

பழைய லேப்டாப்பையும் அந்த ஆட்கள் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மாடியில் மின்சாரத்தில் செருகியபடியே இருக்கிறது. அங்கிருந்தே அதற்குள் வர முடியும் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை தூரம் போனாலும் வர முடியும்தானே?

வீட்டின் பட்டியலில் ஒரே ஒரு கைபேசி என்று எழுதியிருந்தீர்கள். குத்திக் காட்டத்தான் எழுதினீர்கள், பரவாயில்லை. எப்போதாவது அந்தப் பட்டியலைப் பாருங்கள். அதுவும் இல்லாமல் இரண்டு நாள் போனால் அவளிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தைப் பற்றியும்.

இரவில் கைபேசியை அணைத்துவைப்பது என் வழக்கம். வீணாக நீங்கள் பதற நேரக்கூடாது என்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன்.

அத்தை